கத்தி படாத தேயிலை மரம்

எங்கள் மலையில் தேயிலைச் செடி எல்லாமே இடுப்பு உயரம்தான். அதற்கு மேல் வளர விடமாட்டார்கள். மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்துக் கத்தியால் முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுவார்கள். அது மறுபடி துளிர்க்கும், நாங்கள் கொழுந்து எடுப்போம், மறுபடி வெட்டுவார்கள். பிரிஞ்சாங் டவுனிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது என்று போட்டோ பிடிக்கிறார்களே, அது கத்தி கொடுத்த அழகு.

அந்த மலையில் ஒரே ஒரு செடி மட்டும் மூன்று ஆள் உயரத்துக்கு மரமாக நிற்கிறது. ஐம்பது வருஷமாக அதன்மேல் கத்தி படவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், நடுவில் மஞ்சள். தேயிலை பூக்கும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பூக்கும்வரை யார் விட்டுவைக்கிறார்கள்? அந்த மரத்தடியில்தான் எங்கள் அம்மன் இருக்கிறாள். மூன்று கல், மேலே தகரக் கூரை, முன்னால் ஒரு சூலம். தேயிலை மரத்து அம்மன் என்றால் மலைக்குக் கீழே தாப்பா, ஈப்போ வரைக்கும் தெரியும்.

இதை எழுதுவதற்கு எனக்கு உத்தரவு கொடுத்தவள் என் கூட்டாளி. "எழுதிக்கோ. ஆனா என் பேரைப் போடாதே. உன் பேரையும் போடாதே, எஸ்டேட் பேரையும் போடாதே" என்றாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ரெண்டாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலை ஆகிவிடும். அவசரம் ஒன்றும் இல்லை. மரம் எங்கேயும் போகப் போவதில்லை.

போக இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் மரம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகி இந்த எஸ்டேட்டுக்கு வந்து மூன்று வருஷம். என் கூட்டாளி என்னைவிட ஒரு வயசு சின்னவள். வரிசையாகக் கட்டின லயத்தில் அடுத்தடுத்த வீடு. விடியக்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் பேர் கூப்பிடும் இடத்துக்கு, ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம். வேலையிலும் பக்கத்துப் பக்கத்துச் செடி நெரைதான். அவளுக்குத் தலைப்பிள்ளை, ஏழு மாசம். "வீட்டுல இருடி" என்றால் கேட்கமாட்டாள். வீட்டில் மாமியார் இருந்தார், அது ஒரு காரணம்.

அன்றைக்கு எங்களுக்குக் கொழுந்து இல்லை, புல் வெட்டும் வேலை. மலை உச்சி, பனி மூடி நாலு எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் ரெண்டு வளைவு தள்ளி இருந்தார்கள். பேசிக்கொண்டே வந்தவள் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிக் கத்துவதற்கும் நேரமில்லை. எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை.

என் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றினேன். அவள் மடியில் வாங்கிக்கொண்டு முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நெற்றி, கண், மூக்கு, வாய். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் கை வேலை செய்யாது என்று பயம்.

"கீழே கொண்டு போவோம்" என்றேன்.

"வேணாம். அங்க கொண்டு போனா சுடுகாட்டு மூலையில வெச்சிட்டு வந்துருவாங்க. அப்புறம் என்னை அங்க போகவே விடமாட்டாங்க. இங்கேயே வை. வேலைக்கு வரப்ப எல்லாம் பாத்துக்கறேன்."

சின்னப் பிள்ளைகளை எரிப்பது எங்களிடம் வழக்கமில்லை, புதைப்பதுதான். கையில் மண்வெட்டி இருந்தது. அவள் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் செடியின் அடியில், முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன். "கிழக்கே தலை வை. காலையில வெளிச்சம் அந்தப் பக்கந்தான் வருது" என்றாள். அப்படியே வைத்தேன். பிறகு அவளைத் தோளில் சாய்த்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தேன்.

பிள்ளை தங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. சுடுகாட்டு ஓரம் வைத்துவிட்டேன் என்று நான்தான் சொன்னேன். அவள் மாமியார் நம்பினார். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அந்த மலையில் ஒருத்தியும் கொழுந்து எடுக்கமாட்டாள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது என்று ஒருத்தி சொல்வாள், வெள்ளையாக ஒன்று நின்றது என்று இன்னொருத்தி சொல்வாள். ஒரு மாசத்தில் அது பேய் மலை ஆகிவிடும். அப்புறம் அவள் அங்கே எப்படிப் போய் நிற்பாள்?

அடுத்த வருஷம் அந்த மலைக்குக் கவாத்து முறை வந்துவிட்டது.

ஆண்கள் வரிசையாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் அடுப்புக்குக் குச்சி பொறுக்கினோம். அந்த மலையை ஒரே நாளில் வெட்டி முடித்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரியும், எந்தச் செடி என்று. வெட்டு கிட்டே வரவர அவள் குச்சி பொறுக்குவதை விட்டுவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். செடி போனால் இடம் தெரியாமல் போகும். ஆயிரம் குட்டைக் குச்சிகளில் அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கூடையை வீசினேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். "ஓய்!" என்று ஒரு கத்து கத்திக்கொண்டு அந்தச் செடிக்கு முன்னால் போய் ஆடினேன்.

மறைக்காமல் சொல்கிறேன், வேஷம்தான். என் பெரியம்மாவுக்குச் சாமி வரும். எப்படித் தலை சுற்றுவாள், எப்படிப் பல்லைக் கடிப்பாள் என்று பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படியே செய்தேன். கத்திகள் நின்றன. கங்காணி ஓடி வந்தார். வேலை விஷயத்தில் கருணையே இல்லாத ஆள், பெரட்டில் அவர் குரலைக் கேட்டாலே நாய் ஓடும். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கூப்பினார்.

"தாயே, நீ யாரு?"

"மலைக்காரிடா!"

"என்ன குத்தம் செஞ்சோம்?"

"இந்தச் செடி என் குடை. இதுல கத்தி படக்கூடாது."

இதுவரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. குடை என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கப்புறம் நினைவில்லை. கண் விழித்தபோது என் கூட்டாளி மடியில் கிடந்தேன், முகமெல்லாம் திருநீறு. மற்றவர்கள் சொல்லித்தான் மீதி தெரியும். நான் குனிந்து மண்ணில் கையை அறைந்து, "இந்த மண்ணுல முள்ளு குத்தக்கூடாது! குத்தாதே!" என்று மூன்று தரம் சொன்னேனாம்.

இதை மெதுவாகப் படியுங்கள். கவாத்து முடிந்து பத்து நாளில், பெரிய முள்ளு போட்டுச் செடியடி மண்ணைக் கிளறுவார்கள். நீளமான நாலு பல் இரும்பு முள்ளு. அது என் புத்தியிலேயே இல்லை. நான் பயந்தது கத்திக்கு மட்டும்தான். செடி நின்றிருந்தாலும் முள்ளு பிள்ளையைச் சுற்றின துண்டை வெளியே இழுத்துப் போட்டிருக்கும். எனக்குத் தோன்றாத அதை என் வாய் சொல்லியிருக்கிறது. வேஷம் போட்டவள் நான். அந்த வார்த்தையைச் சொன்னது யார்? ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன்.

மறுநாள் கங்காணி ஆற்றிலிருந்து மூன்று கல்லைத் தானே சுமந்துவந்து அங்கே வைத்தார். ஆளை விட்டுச் செய்திருக்கலாம், செய்யவில்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு, என் கூட்டாளியை ஒரு பார்வை பார்த்தார். "நீ தினம் இந்தப் பக்கந்தானே வேலைக்கு வர்ற? விளக்கு நீ ஏத்து புள்ள" என்றார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேட்கத் துணிச்சல் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செடி வளர்ந்தது. அதைவிட வேகமாகக் கதை வளர்ந்தது. முதலில், கத்தி வைத்தவுடன் செடி சிலிர்த்தது என்றார்கள். அப்புறம் பால் வடிந்தது என்றார்கள். அப்புறம் ரத்தம். என் கூட்டாளிக்கு அடுத்த பிள்ளை நல்லபடியாகப் பிறந்தபோது, கிளையில் ஒரு சின்னத் துணித் தொட்டில் கட்டினாள். எந்தப் பிள்ளைக்கு என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் அதை நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டு தாங்களும் கட்ட ஆரம்பித்தார்கள். இப்போது காற்றடித்தால் ஐம்பது அறுபது தொட்டில் ஒன்றாக ஆடும்.

இன்னொன்றும் உண்டு. அம்மனுக்கு வேப்பிலை வேண்டும். இந்தக் குளிரில் வேப்பமரம் பிழைக்காது. திருவிழாவுக்குக் கீழேயிருந்துதான் மூட்டை கட்டி லோரியில் வரும். ஒரு வருஷம் ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள் தாப்பா ரோட்டில் மண் சரிந்து, லோரியோ காடியோ ஒரு வண்டியும் மேலே வரவில்லை. கரகம் ஜோடிக்க இலை இல்லை. பெரியவர்கள் எல்லாம் முழித்துக்கொண்டு நின்றார்கள். கரகம் எடுக்கும் பெண்தான் போய் அம்மன் மரத்தில் கையால் நாலு கொப்பை ஒடித்துவந்து, "இது ஆத்தாளோட இலைதானே" என்று சொருகினாள். அந்த வருஷத்திலிருந்து கீழேயிருந்து வேப்பிலை வந்தாலும் நடுவில் தேயிலைக் கொப்பு இருக்கும். ரோடு திறந்தபிறகும் அதை யாரும் விடவில்லை. எங்கள் சனங்களை நினைத்தால் எனக்கு அங்கேதான் பெருமையாக இருக்கும். எதுவும் இல்லாமல் இந்தக் காட்டுக்கு வந்தவர்கள், கையில் இருக்கிறதை வைத்துச் சாமியைக் குளிரப் பண்ணிவிடுவார்கள்.

ஒருமுறை தாப்பாவிலிருந்து பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஈப்போக்காரி ஒருத்தி, மடியில் சின்னதாக ஒரு மரத் தொட்டில்.

"எங்கக்கா போறீங்க?" என்றாள்.

"வீட்டுக்குத்தான். நீங்க?"

"தேயிலை மரத்து அம்மனுக்கு. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுச்சு, அதுக்கு நேர்ந்துகிட்டேன். கேள்விப்பட்டிருக்கீங்களா அந்த அம்மனை?"

"கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கேன்."

"கொஞ்சமா? இந்த ஊர்ல இருந்துகிட்டுக் கொஞ்சம்ங்கறீங்களே! வெள்ளைக்காரத் துரை ஒருத்தன், எவன் வெட்டாட்டி என்ன, நானே வெட்டறேன்னு கத்தியை எடுத்தான். ஓங்கினான் பாருங்க, ரெண்டு கண்ணும் போயிருச்சு. அப்ப ஒன்பது வயசுப் பொண்ணு ஒண்ணு, பட்டுப் பாவாடை, உடம்பெல்லாம் தங்கம், மரத்துக்குள்ளேருந்து இறங்கி வந்துச்சு."

எங்கள் காலத்துத் துரை வெள்ளைக்காரரே இல்லை. அவர் அன்றைக்கு மலைக்கு வரவும் இல்லை. அந்தப் பட்டுப் பாவாடைக்காரி கிழிந்த சட்டையோடு, மூக்கு ஒழுகிக்கொண்டு ஆடிய நான்தான். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்கக்கா. சத்தியமான சாமிலா. சிரிச்ச வாய் கோணிக்கும்."

வாயை மூடிக்கொண்டேன். பஸ் மேடு ஏறி முடியும்வரைக்கும் வாயைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நேரே மரத்தடிக்குப் போய், தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்தாலும் சரி. என் கண் முன்னால் தொடங்கிய சாமிதான். ஆனால் அவள் என்னை விட்டு எங்கேயோ போய், பெரியவளாகித் திரும்பி வந்திருக்கிறாள்.

இனி இப்போது நடந்ததற்கு வருகிறேன். கோயில் தலைவர் ஒருநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். திரிங்காப்பில் காய்கறி லோரி வைத்திருக்கிறவர், நல்ல மனுசன், ஓடி ஓடிச் செய்கிறவர். கையில் சுருட்டின ஒரு பெரிய தாள்.

"பெரியம்மா, பசியாறிட்டீங்களா? இதப் பாருங்க. திருப்பணி செஞ்சு கும்பாபிஷேகம் பண்ணப் போறோம். கோபுரம், மண்டபம், எல்லாம் கல்லுல செஞ்ச மாதிரி. ஈப்போவுல உள்ள கோயிலுக்குக் கொறைச்சல் இல்லாம."

விரித்துக் காட்டினார். நான் விரலை வைத்துத் தேடினேன்.

"மரம் எங்கப்பா?"

"அங்கதான் பெரியம்மா கர்ப்பகிரகம் வருது. அதனால மரத்தை எடுத்துட்டு ஆழமா அஸ்திவாரம் போடணும். மண் தோண்டற மிசினுக்குச் சொல்லியாச்சு. நீங்க கவலைப்படாதீங்க, வாசல்ல சிமெண்டுல ஒரு தேயிலை மரம் செஞ்சிடலாம். பச்சைப் பெயிண்ட் அடிச்சு, வருஷம் பூரா பூ இருக்கும்! கும்பாபிஷேகம் செய்ய வர்ற குருக்களும் சொல்றார், தல விருட்சம்னா வில்வம், வேம்பு இப்படி ஏதாவது இருக்கணுமாம். தேயிலையெல்லாம் சாஸ்திரத்துல இல்லையாம்."

"கத்தி படக்கூடாதுன்னு வாக்கு இருக்கேப்பா."

"இருக்கு. அதான் உங்ககிட்ட வந்தேன். வாக்கு சொன்னது நீங்க. நீங்க ஒரு உத்தரவு கேட்டுச் சொல்லிட்டா, சனங்களும் சமாதானம் ஆயிடும்லா. அப்படியே தல புராணமும் நீங்க சொல்லணும், புஸ்தகம் அடிக்கப் போறோம்."

நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையே என் கூட்டாளி வந்து நின்றாள். இப்போது கியா பார்ம் ஊரில் மகனோடு இருக்கிறாள். ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி பழத்தை டப்பாவில் அடுக்குவாள். கடைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகனுடைய வேனில் ஏறி வந்துவிட்டாள். விரலெல்லாம் சிவப்புக் கறையோடு, உட்காரக்கூட இல்லை.

"அவனை எழுப்பிருவாங்களா?" என்றாள்.

ஐம்பது வருஷத்தில் அவள் அவனைப் பற்றி வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு முன்னால் ரெண்டே வழிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் மரம் நிற்கலாம். ஆனால் அம்மன் நிற்பாளா? இத்தனை தொட்டில் கட்டியவர்கள், பேத்திக்குக் காய்ச்சல் விட்டதென்று வந்த ஈப்போக்காரி, எல்லோரிடமும் போய், அது நாங்கள் புதைத்த இடம் என்றா சொல்வது? சொல்லாமல் இருந்தால் மிசின் வரும்.

"மறுபடி ஆடிடட்டுமா?" என்று கேட்டேன்.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? ஆடி நீ விழுந்தா யாரு தூக்கறது? எனக்கும் முதுகு போச்சு" என்றாள்.

ரெண்டு பேரும் சிரித்தோம். ஆனால் முட்டி காரணமில்லை. அன்றைக்கு இருபத்திமூன்று வயசு, பொய் சொல்லப் பயமில்லை. இன்றைக்கு நான் அந்த அம்மனை ஐம்பது வருஷம் கும்பிட்டவள். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவளிடம்தான் அழுதேன். அவள் பேரைச் சொல்லி அவளுக்கு முன்னாலேயே வேஷம் போட எனக்கு மனசு வராது.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். குருக்கள் இடம் பாக்க வர்றாராம். நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

"அவர் தீட்டுன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். அவன் என் புள்ள. தீட்டா இல்லையான்னு ஒரு வாட்டி கேட்டுடறேன்."

மூன்று நாள் கழித்துக் குருக்கள் வந்தார். கீழ் ஊர்க்காரர், நடு வயசு. எங்கள் குளிர் அவருக்கு ஆகவில்லை. பூணூலுக்கு மேலே ரெண்டு சுவெட்டர், குடுமிக்கு மேலே கம்பளித் தொப்பி, பல்லெல்லாம் தாளம் போட்டது. தலைவர் தாளை விரித்து அங்கே இங்கே என்று காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் வந்தது. மேலே லைன் சரியாகக் கிடைக்காது, பேசுவதற்காக வளைவு தாண்டிக் கீழே இறங்கிப் போனார்.

என் கூட்டாளி மரத்தடியில் போய் நின்றாள். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. "சாமி, என் தலைப்புள்ள இங்க இருக்கு. வயித்துலேயே போயிருச்சு. நாங்க ரெண்டு பேருந்தான் வெச்சோம். அதுக்கப்புறந்தான் இவளுக்கு வாக்கு வந்துச்சு. வேற யாருக்கும் தெரியாது. இது தீட்டு இடமா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

குருக்கள் தொப்பியைக் கழற்றினார். தொட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம்மா தலை வெச்சீங்க?" என்றார்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். "கிழக்கே."

"சரி. பிரகாரம் சுத்தறவங்க கால் அங்க படக்கூடாது. அதுக்குத்தான் கேட்டேன்." அவர் காலால் மண்ணை அளந்துகொண்டே நாலு அடி, ஐந்து அடி என்று தள்ளிப் போனார். "பல்லு முளைக்காத புள்ளைக்கு ஏதும்மா தீட்டு? அதுலயும் இது ஒரு மூச்சுகூட விடலை. என் அப்பா இருந்தாலும் இதையேதான் சொல்லுவார்."

"தேயிலை சாஸ்திரத்துல இல்லைன்னீங்களாமே?" என்று நான் வாயை விட்டேன்.

"இல்லைதான். சாஸ்திரம் எழுதினவா யாரும் இந்தக் குளிருக்கு வரலையே" என்று சொல்லிவிட்டு மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

தலைவர் மூச்சு வாங்க மேலே வந்தார். குருக்கள் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, பேனாவால் ஒரு கட்டம் போட்டார்.

"கர்ப்பகிரகம் பதினஞ்சு அடி தள்ளி வரட்டும். மரம் அப்படியே இருக்கணும். சுத்தி முழங்கால் உசரத்துக்குச் சுவர். அதுக்குள்ள மண்வெட்டி, மிசின், எதுவும் படக்கூடாது."

"சாமி, மண்டபம் சின்னதாயிடும்லா!"

"ஆகட்டும். வாக்கு வந்த இடம். கத்தி மட்டுமா சொன்னா? மண்ணுல முள்ளு குத்தக்கூடாதுன்னும் சொன்னதா ஊரே சொல்லுதே. முழுசாக் கேக்க வேண்டாமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "ஆமா பெரியம்மா, அதை நான் மறந்தே போயிட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். மூன்று மாசமாகப் பார்த்துப் பார்த்து வரைந்த தாளை அப்படியே சுருட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவரையும் நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

தல புராணம் சொல்ல உட்கார்ந்தபோது குருக்களே எழுதிக்கொண்டார். நான் பாலையும் ரத்தத்தையும் துரையின் கண்ணையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவை என்னுடையவை இல்லை, சனங்கள் கொடுத்தவை, அவற்றைக் கழிக்க நான் யார்? ஒன்று மட்டும் புதிதாகச் சேர்த்தேன். "அம்மன் அன்னிக்குத் தனியா வரலை. கையில ஒரு புள்ளையோட வந்தா. அது தூங்குச்சு. அதுக்கு நிழல் வேணும்னுதான் அந்தச் செடியைக் கேட்டா" என்றேன். குருக்கள் தலை நிமிராமல் எழுதினார்.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் ஸ்தபதி வந்து, மரத்தைப் பார்த்த மாதிரி புதுக் கோயில் சுவரில் அம்மனைச் சிமெண்டில் செய்தார். மடியில் பிள்ளை. என்ன பிள்ளை என்று கேட்டார், ஆண் பிள்ளை என்றேன். இப்போது மலையில் மிசின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள் பாதிப் பேர் நேப்பாளக்காரர்கள். வேலைக்குப் போகிற வழியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு யார் என்ன கதை சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பாஷையில் ஒன்று இருக்கும்.

எங்கள் சனங்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் படிக்கட்டும் என்று என் கூட்டாளியிடம் சொன்னேன். அவள் பயப்படவில்லை. "படிச்சா அழுவாங்க. அழுதுட்டு வந்து இன்னொரு தொட்டில் கட்டுவாங்க. நம்ம சனங்களைத் தெரியாதா உனக்கு?" என்றாள். எனக்குத் தெரியும்.

கும்பாபிஷேகம் முடிந்து, கூட்டமெல்லாம் சாப்பிடப் போனபிறகு, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றோம். மரத்தில் பூ இருந்தது. கிழக்கு வெளிச்சம் சிலை முகத்தில் விழுந்தது. அவள் கழுத்தை நீட்டி அந்தச் சிமெண்டுப் பிள்ளையை வெகுநேரம் பார்த்தாள். நெற்றி, கண், அப்படியே கீழே இறங்கினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள். "மூக்கு மட்டும் சரியில்ல. அவனுக்கு இவ்வளவு கூர் கிடையாது. சப்பை மூக்கு. அவங்கப்பா மாதிரி."